எல்லை பாராத நெருப்பும் எல்லை பார்த்த எச்சரிக்கையும்

(மெல்பேர்ண் நகரின் கிழக்கே, த பேசின் பகுதியிலும் அதன் அயலிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காகக் கோடைகாலத்துக்கு முன்னதாக ஒழுங்கு செய்யப்பட்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



காட்டுத்தீயிலிருந்து வீட்டைக் காப்பது எவ்வாறு என்னும் பொருளில் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். கூரைப் பீலியில் சேர்ந்த சருகை அகற்றுவது, வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்டுவது, விறகை வாசலோடு அடுக்காதிருப்பது ஆகியவற்றை இவ்வூர்த் தீயணைப்புத் தொண்டர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். அவர்களை அழைத்துக் கேளுங்கள், மகிழ்வோடு வருவார்கள். நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. பெருந்துயர் நேர்ந்த பின் விசாரணைகள் நடக்கும்போது மீண்டும் மீண்டும் வெளிவரும் ஓர் உண்மை உண்டு. ஆபத்து வருகிறது என்பது யாரோ ஒருவருக்கு முன்னரே தெரிந்திருக்கும். ஆனால் அச்செய்தி உரியவரைச் சென்றடைந்திராது. அது ஏன் என்பதே எனது கேள்வி. இதற்கு விடை காண்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் நாம் கூடியிருக்கும் இந்த இடத்தைப் பார்ப்போம். டண்டினோங் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் ஒரு கிண்ணம்போல் அமைந்திருப்பதால் இதற்கு இப்பெயர் வந்தது. நம்மில் பலருக்கு இவ்வூர் வக்ரதுண்ட விநாயகர் ஆலயத்தால் அறிமுகமானது. ஆலயத்தின் முன்னே செல்லும் மவுண்டன் நெடுஞ்சாலை மலையேறி சசாஃப்ராஸ் ஊரை அடைகிறது. கீழே இருப்பது நொக்ஸ் மாநகரசபை. மேலே இருப்பது யாரா ரேஞ்சஸ் உள்ளூராட்சிச் சபை. இடையில் உள்ள காடு தேசியப் பூங்கா. தனியார் நிலத்தில் எரியும் தீக்குப் பொறுப்பு சீ.எஃப்.ஏ. எனப்படும் கிராமியத் தீயணைப்புச் சபை. அரசாங்கக் காட்டில் எரியும் தீக்குப் பொறுப்பு மாநிலத்தின் வனத்தீ முகாமைத்துவப் பிரிவு. வீதியை மூடுவது காவல்துறை. புயலில் மரம் விழுந்தால் வருவது எஸ்.ஈ.எஸ். எனப்படும் மாநில அவசர சேவை. நடந்து கடக்கக்கூடிய தூரத்துக்குள் இத்தனை அதிகார எல்லைகள் இருக்கின்றன. தீக்கு இவற்றில் எதுவும் தெரியாது. மலைச்சரிவில் அது மேல்நோக்கி விரைந்து ஏறும் என்பது ஒன்றே அதன் விதி.

இது கற்பனை அச்சமன்று. 1962ஆம் ஆண்டு சனவரி நடுப்பகுதியில் மெல்பேர்ணைச் சுற்றிய மலைப்பகுதிகளில் மூண்ட தீயில் 32 பேர் உயிரிழந்தனர். த பேசினும் அப்போது எரிந்த ஊர்களில் ஒன்று. 1997 சனவரி 21ஆம் நாள் நமக்கு மேலேயுள்ள ஃபேர்னி கிறீக் ஊரில் மூவர் மாண்டனர். மலைத்தொடரில் 40 வீடுகள் வரையில் அழிந்தன. அதன் பின்னர் அவ்வூர் மக்கள் வற்புறுத்தி நின்று தங்களுக்கென ஓர் அபாயச் சங்கை நிறுவச் செய்தார்கள். அதிகாரிகளுள் ஒரு சாரார் அதனை விரும்பவில்லை. சங்கொலியைக் கேட்டு மக்கள் தவறான முடிவெடுப்பார்கள் என்று வாதிடப்பட்டது. ஊரார் விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

இனி, 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாளுக்கு வருவோம். கறுப்புச் சனி என்று இந்நாட்டார் அழைக்கும் நாள். மெல்பேர்ணில் வெப்பம் 46.4 பாகையைத் தொட்டது. 173 பேர் உயிரிழந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. இவர்களுள் 119 பேரைப் பலிகொண்டது கில்மோர் கிழக்கில் முற்பகல் வேளையில், அறுந்த மின்கம்பியால் மூண்ட ஒரே தீ. அது ஹியூம் நெடுஞ்சாலையைத் தாண்டி, மாலையில் கிங்லேக் மலையூர்களை வளைத்துக்கொண்டது.

அன்று அத்தீயைக் கையாளும் பொறுப்பு கில்மோரில் இருந்த கட்டுப்பாட்டு நிலையத்துக்கு உரியதாயிருந்தது. அந்நிலையம் இத்தகைய பெருந்தீயை எதிர்கொள்ளும் ஆளணியோடோ ஆயத்தத்தோடோ இருக்கவில்லை. ஆனால் தெற்கே கங்காரு கிரவுண்ட் என்னும் ஊரில் இன்னொரு கட்டுப்பாட்டு நிலையம் இருந்தது. அவ்வூர்க் குன்றின்மேல் உள்ள போர் நினைவுக் கோபுரம் கோடையில் தீக்காவல் கோபுரமாகவும் பயன்படுவது. தீ தங்கள் பக்கமாக, தாங்கள் நன்கறிந்த ஊர்களை நோக்கி வருகிறது என்பதை அங்கிருந்தவர்கள் உணர்ந்தார்கள். மக்களுக்கான எச்சரிக்கை வாசகங்களையும் எழுதி ஆயத்தமாக வைத்தார்கள். ஆயினும் தீ கில்மோரின் பொறுப்பில் இருந்தமையால், எச்சரிக்கை விடுக்கும் அதிகாரமும் கில்மோருக்கே உரியது என்பது அன்றைய நடைமுறை. கங்காரு கிரவுண்டில் எழுதப்பட்ட எச்சரிக்கைகள் மக்களுக்கு விடுக்கப்படவில்லை.

உறவுகளே, இதனை முதன்முதலாக விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையில் படித்தபோது நான் அப்பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். அங்கே இருந்தவர்களில் எவரும் கொடியவர் அல்லர். சோம்பேறிகளும் அல்லர். பலர் ஊதியமின்றி வந்த தொண்டர்கள்; அவர்களுடைய சொந்தக் குடும்பங்களும் அந்த மலைகளில் இருந்திருக்கக்கூடும். அவர்கள் விதியை மீறவில்லை, அவ்வளவுதான். எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் குரல் கொடுக்கலாம் என்று எவரும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவில்லை.

பேர்னாட் ரீக் தலைமையிலான அரச ஆணைக்குழு 2010 யூலையில் இறுதி அறிக்கையை வழங்கியது. அதில் 67 பரிந்துரைகள் இருந்தன. தீயணைப்புப் பணிகள் அனைத்துக்கும் மேலாக ஓர் ஆணையாளர் அதே ஆண்டில் அமர்த்தப்பட்டார். 2013ஆம் ஆண்டின் அவசரநிலை முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் 2014 யூலை முதல், தீ, வெள்ளம், புயல் என எதுவாயினும் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆணையாளர் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. முன்னர் தீயணைப்புச் சபைக்கு ஓர் இணையத்தளம், வனத்துறைக்கு வேறோர் இணையத்தளம் என்றிருந்த நிலை மாறி, எச்சரிக்கைகள் இன்று விக் எமெர்ஜென்சி என்னும் ஒரே வாயிலால் வருகின்றன. ஒரே மூலம், ஒரே செய்தி என்பது அவர்களின் கோட்பாடு. இதற்கு இந்நாட்டு மக்கள் கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது.

அண்டை அயலார் ஒருவருக்கொருவர் உதவுவது என்பது நல்லெண்ணத்தால் மட்டும் நிகழ்வதன்று. 1904இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. வந்தவர்களின் நீர்க்குழாய் முனை அந்நகரின் நீர்க்குழாய்த் தூணில் பொருந்தவில்லை. 1970இல் கலிபோர்னியாவில் பெருந்தீ பரவியபோது, பல படைகளுக்கிடையே பொதுவான சொல்லும் இல்லை, பொதுவான கட்டளை முறையும் இல்லை என்பது தெரியவந்தது. அந்த அனுபவத்திலிருந்தே எல்லாப் படைகளுக்கும் பொதுவான சம்பவக் கட்டளை முறைமை உருவானது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பின்பற்றும் முறைமை அதன் வழிவந்ததே. ஆதலால்தான் 2019-20 கோடையில் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள், இறங்கிய சில நாட்களிலேயே நம்மவரோடு தோள்சேர்ந்து பணியாற்ற முடிந்தது. அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. 'டாங்கர்' என்றால் மேற்கு அமெரிக்கருக்கு நீர் பொழியும் வானூர்தி. நமக்கோ அது தரையில் ஓடும் வண்டி. சொல்லைக்கூட முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது! அக்கோடையில், 2020 சனவரி 23 அன்று, நியூ சவுத் வேல்ஸின் கூமா நகருக்கு வடக்கே நீர்பொழி வானூர்தி வீழ்ந்து மூன்று அமெரிக்கர் உயிர் துறந்தார்கள் என்பதையும் இங்கு நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

இப்போது நமது தாயகத்தின் பக்கம் திரும்ப வேண்டும். கங்காரு கிரவுண்ட் பற்றிப் பேசிக்கொண்டே முல்லைத்தீவைப் பற்றிப் பேசாதிருக்க என்னால் இயலாது.

2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் காலை ஏழு மணி. ஹவாய்த் தீவிலுள்ள பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் தனது முதல் அறிவித்தலை விடுத்தது. அது பசுபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கென ஒரு முறைமை அன்று இருக்கவில்லை. யாரை அழைப்பது என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கவில்லை. அலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. கல்முனையும் மட்டக்களப்பும் முல்லைத்தீவும் நீரில் மூழ்கிய பின்னரே அது தென்கரையைச் சுற்றிச் சென்றது. காலியை நோக்கிச் சென்ற புகைவண்டி பெரேலியாவில் அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது, கிழக்கு ஏற்கெனவே அழிந்துகொண்டிருந்த வேளைக்குப் பின்னர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரே தீவுக்குள்ளேயே கிழக்கின் துயரம் தெற்குக்கு எச்சரிக்கையாக மாறவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக அத்தீவில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

அதன் பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நிவாரணத்தைப் பகிர்ந்து முகாமை செய்வதற்கென 2005 யூன் 24ஆம் நாள் இலங்கை அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே ஆழிப்பேரலைக்குப் பின்னரான செயற்பாட்டு முகாமைத்துவக் கட்டமைப்பு என்னும் உடன்பாடு கையெழுத்தாகியது. மத்தியில் ஓர் உயர்மட்டக் குழு, பிராந்தியக் குழு, ஆறு மாவட்டங்களுக்கும் மாவட்டக் குழுக்கள் என்பது அதன் வடிவம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் ஆகிய மூவின மக்களின் பிரதிநிதிகளும் பிராந்தியக் குழுவில் இடம்பெறுவதாயிருந்தது. தங்களோடு போதிய கலந்தாலோசனை நடைபெறவில்லை என்று முஸ்லிம் தலைவர்கள் கூறியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வாறாயினும், யூலை 15ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவ்வுடன்பாட்டின் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. பிராந்தியக் குழு கிளிநொச்சியில் அமைவதும், பிராந்திய நிதியமும் அவற்றுள் அடங்கும். மூன்று வாரங்களே உயிரோடிருந்த அந்த ஏற்பாடு அதன் பின்னர் எழவில்லை.

அதை ஓர் அரசியல் உடன்பாடாகவே பலரும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். நான் அதனை வேறொரு கண்ணால் பார்க்கிறேன். மாவட்ட மட்டத்தில், கடற்கரையை அறிந்தவர்கள் முடிவெடுத்து, அயல் மாவட்டத்தோடு நேரே பேசிப் பணியாற்றுவதற்கான ஓர் ஒழுங்காக அது அமைந்திருக்கக்கூடும். அதே ஆண்டில் இலங்கை தனது அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை இயற்றி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் அமைத்தது. மாவட்டங்களில் அதன் அலுவலகங்களும் உள்ளன. எனினும் கொழும்பிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் கட்டளைக் கோடு தடித்தும், மாவட்டங்களுக்கிடையே பக்கவாட்டில் செல்லும் கோடு மெலிந்தும் இருக்கும் எந்த நாட்டிலும் கங்காரு கிரவுண்டின் கதை திரும்ப நிகழலாம். தென்கிழக்காசிய நாடுகள் 2005லேயே அனர்த்த உதவிக்குச் சட்டப் பிணைப்புள்ள உடன்படிக்கை செய்து, 2011இல் யகார்த்தாவில் கூட்டு நிலையமொன்றையும் நிறுவிவிட்டன. அதற்கு நிகரான வலிமையுள்ள ஒன்று நமது தெற்காசியப் பிராந்தியத்தில் இன்னும் உருவாகவில்லை. புலம்பெயர்ந்த நாம் அரசுகளிடம் வைக்கும் கோரிக்கைகளில் இதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இன்று இந்து சமுத்திரத்துக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கைத் தகவல் வழங்கும் பொறுப்பை இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகள் 2011 முதல் ஏற்றுள்ளன. இந்தியாவின் நிலையம் ஐதராபாத்தில். அவுஸ்திரேலியாவினதோ கான்பராவிலும், இதே மெல்பேர்ண் நகரிலுள்ள வானிலைப் பணியகத்திலும் இயங்குகிறது. பருத்தித்துறையிலோ நாகபட்டினத்திலோ உள்ள உங்கள் உறவினருக்காக நள்ளிரவிலும் கடலைக் கவனித்துக்கொண்டிருப்பவர்களில் சிலர், நாம் வேலைக்குச் செல்லும் அதே தொடருந்தில் பயணிப்பவர்கள். 2012 ஏப்பிரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை பறந்தது. தமிழகத்திலும் இலங்கையிலும் மக்கள் கரையை விட்டு அகன்றார்கள். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். அப்படி வீணாக ஓடக் கிடைத்தது நற்பேறு என்றே நான் கருதுகிறேன்.

மீண்டும் த பேசினுக்கு வருகிறேன். ஹவாயிலிருந்து கல்முனைக்கு இருந்த இடைவெளியும், கங்காரு கிரவுண்டிலிருந்து கிங்லேக்குக்கு இருந்த இடைவெளியும் நம் வீடுகளுக்குள்ளேயும் இருக்கின்றன. எனது வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடை நாளில் நானும் மனைவியும் வேலைக்குச் சென்றிருந்தோம். அம்மா மட்டும் வீட்டில். கைத்தொலைபேசிக்கு ஓர் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். ஏதோ விளம்பரமாக்கும் என்று அம்மா அதை அழித்துவிட்டார். மாலையில் நான் கேட்டபோது, "உந்தத் தொலைபேசியில ஒரு நாளைக்குப் பத்து வரும் தம்பி, நான் எதையெண்டு பாக்கிறது?" என்றார். நல்வேளையாக அன்று தீ எங்கள் பக்கம் வரவில்லை. அரசாங்கத்தின் செய்தி எங்கள் வாசல்வரை சரியாகவே வந்தது. கடைசி நான்கு அடியைக் கடக்கச் செய்ய வேண்டியது நான். அதை நான் முன்னரே செய்திருக்கவில்லை.

ஆகவே சில வேலைகளை இன்றே தொடங்குவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். பகலில் தனித்திருக்கும் முதியோர் நம்மிடையே எத்தனை பேர் என்பது இவ்வூர்த் தீயணைப்புப் படைக்குத் தெரியாது. நமக்கே தெரியாது. ஒவ்வொரு தெருவுக்கும் தமிழில் அழைத்துச் சொல்லக்கூடிய இருவரை நியமிக்க வேண்டும். இருவர் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒருவர் ஊரில் இல்லாத நாளில்தான் தீ வரும். அவ்விருவரும் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் அயல் தெருவுக்கும் சொல்லலாம் என்பதை நாம் இன்றே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த தெரு வேறு சங்கத்தைச் சேர்ந்தவர்களுடையது, நாம் எப்படி அழைப்பது என்ற பேச்சு கூடாது. நமது சங்கங்களுக்கிடையே உள்ள எல்லைகளைப் பற்றி நான் விரித்துரைக்கத் தேவையில்லை. சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும்!

இங்கு திருவிழாக்காலம் பற்றியும் ஒன்று குறிப்பிட வேண்டும். தைப்பொங்கலும் தைப்பூசமும் இந்நாட்டின் தீக்காலத்தின் உச்சத்திலேயே வருகின்றன. 2009ஆம் ஆண்டின் தைப்பூசம் கறுப்புச் சனியை ஒட்டியே வந்தது. திருவிழா நாளில் நம் வாகனங்கள் நிறையும் நெடுஞ்சாலையே மலையிலிருந்து மக்கள் இறங்கி வரும் வழியும் ஆகும். ஆதலால் இம்மலையடிவாரத்தில் எந்த விழாவை நடத்துவோரும் தங்கள் நாட்காட்டியை முன்கூட்டியே மாநகரசபைக்கும் தீயணைப்புப் படைக்கும் கொடுத்துவைப்பது நலம். தீ அபாய அளவு 2022 முதல் நான்கு படிகளாக அறிவிக்கப்படுகிறது. உச்சப் படியாகிய பேரழிவு நிலை அறிவிக்கப்பட்டால், முதல்நாள் இரவோ அன்று அதிகாலையோ மலைப்பகுதியை விட்டு நீங்குவதே அவர்கள் கூறும் அறிவுரை. அத்தகைய நாளில் இங்கு விழா வேண்டாம். இறைவன் மறுவாரமும் இருப்பார். முற்றான தீத்தடை நாளில் திறந்த வெளியில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம் என்பதும், வேள்வித்தீ என்பதற்காக அனுமதியின்றி விலக்குக் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆலயத்துக்கோ மண்டபத்துக்கோ ஓடிவிட்டால் தப்பலாம் என்று எண்ணாதீர்கள். வேறு வழியே இல்லாதபோது ஒதுங்குவதற்கென அறிவிக்கப்பட்ட இடங்களின் பட்டியல் தனியே உள்ளது. ஒரு கட்டடம் அதில் உள்ளதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். மின்சாரமும் தொலைபேசியும் இருக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். 2021 யூன் மாதத்துப் புயலில் மலைமேல் மரங்கள் சாய்ந்து, பல வீடுகள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததைக் கண்டோம். மின்கலத்தில் இயங்கும் ஒரு வானொலி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத் தகவலுக்கு 1800 226 226. ஆங்கிலம் பேச இயலாதவர்கள் 131 450 என்னும் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் என்று சொல்லி, அந்த எண்ணோடு இணைக்கும்படி கேட்கலாம். உயிராபத்து என்றால் எப்போதும் போல 000. 'தமிழ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொல்லவும், அதன் பின் பொறுத்திருக்கவும் அம்மா அப்பாவுக்கு ஒருமுறை பழக்கிக் கொடுங்கள். நான் என் அம்மாவுக்கு மூன்று தடவை பழக்கினேன். மூன்றாம் தடவை அவரே அழைத்துப் பேசினார்.

வாசலருகே உள்ள மேசையில் தெருவாரியாகப் பெயர் எழுதும் தாள்கள் வைக்கப்பட்டுள்ளன. மலைமேல் ஊர்களுக்கும் தாள் உண்டு; சசாஃப்ராஸ் தாளில் இன்னும் ஒருவரும் எழுதவில்லை. அங்கே உறவினர் உள்ளவர்கள் தேநீருக்குச் செல்லுமுன் தயவுசெய்து அவர்களின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டுச் செல்லுங்கள்.